கவலை ஒழிப்பு நூல்களும் அறுபத்து மூன்றாம் அதிகாரமும்

கவலையை ஒழிக்க வழி கூறும் நூல்கள் தமிழ்ப் புத்தகக் கடைகளிலே இன்று பெற்றுள்ள இடத்தை நமது விமர்சகர் பலர் கவனத்திற் கொள்வதில்லை. கவிதை, நாவல், சிறுகதை என்பனவே இலக்கியம். ஏனையவை வணிகச் சரக்கு என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் நமக்கு உடன்பாடன்று. ஒரு சமுதாயம் எவற்றை எழுதுகிறது என்பதைப் போலவே, எவற்றை விரும்பி வாசிக்கிறது என்பதும் விமர்சனத்தின் அக்கறைக்குரியதாகும். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனுடைய கையிலே பாடநூலுக்குப் புறம்பாக ஒரு நூல் இருக்குமாயின், அது நாவலாக இருப்பதிலும் பார்க்க இத்தகைய நூலாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

இக்கருத்துகள் நூல்களோடு நின்றுவிடவுமில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளிலே தாள் தட்டுப்பாட்டினால் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. மண்ணெண்ணெய்க்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையிலே நின்றார்கள். அக்காலந்தொட்டுப் பாடசாலை மண்டபங்களிலே ஊக்குவிப்புரைகள் பெருகின. ஏதேனும் பிழைத்துவிடுமோ என்று அஞ்சுவதை நிறுத்துங்கள், எல்லாம் உங்கள் மனத்திலேதான் இருக்கிறது என்பதே அவ்வுரைகளின் சாரம். அமெரிக்கரான டேல் கார்னகியிலே தொடங்கித் திருக்குறளின் 63ஆம் அதிகாரமாகிய இடுக்கண் அழியாமையிலே முடிப்பது பேச்சாளர்க்கு வழக்கமாகிவிட்டது. வள்ளுவர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் சொன்னதையே வெள்ளையர் இன்று சொல்கிறார் என்று கேட்டவுடன் மண்டபத்திலே கைதட்டல் எழும். இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று எவரும் கேட்பதில்லை. நாம் கேட்க விரும்புகிறோம்.

கவலையை நிறுத்தி வாழத் தொடங்குவது எப்படி என்னும் பொருள்படும் தலைப்பிலே கார்னகியின் நூல் 1948இல் வெளிவந்தது. தமிழிலும் பெயர்க்கப்பட்டு நம்மிடையே விற்பனையாகி வருகிறது. 1912 முதல் நியூயோர்க் நகரிலே வளர்ந்தோருக்கு மாலை நேரப் பேச்சுப் பயிற்சி வகுப்புகள் நடத்தியவர் கார்னகி. வகுப்புக்கு வந்த விற்பனையாளர்களும் எழுதுவினைஞர்களும் சிறு வியாபாரிகளும் கூறிய அனுபவங்கள் நூலிலே நிறைந்துள்ளன. அவற்றை அவர் கதையாகச் சொல்லும் ஆற்றல் எளிதிலே ஒதுக்கத்தக்கதன்று. அறிவுரையை முதலிலே வைத்து உதாரணத்தைப் பின்னே இழுத்துவரும் நமது கட்டுரையாசிரியர்கள் அவரிடம் கற்கக்கூடியது சிறிது உண்டு. நூலின் கதைகள் உண்மையாக இருப்பதனாலேயே, அவை சில இடங்களில் நூலின் கொள்கைக்கு எதிராகவும் சாட்சி கூறிவிடுகின்றன. இதனை விளக்க அந்நூலிலிருந்தே இரு கதைகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, குளிர்சாதனத் தொழிலின் முன்னோடியான பொறியியலாளர் வில்லிஸ் காரியருடைய கதை. மிசூரி மாநிலத்துக் கிறிஸ்டல் சிற்றி என்னும் ஊரிலே இருந்த கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றிலே வாயுவைச் சுத்திகரிக்கும் கருவியை அவர் பொருத்தினார். கருவி உறுதியளித்தபடி இயங்கவில்லை. கவலையினால் அவருக்கு உறக்கம் போயிற்று. இறுதியிலே மூன்று படிகளைக் கொண்ட வழியொன்றைக் கண்டார். நேரக்கூடிய மிக மோசமான விளைவு யாது எனக் கேட்பது முதற்படி; அதனை மனத்தளவில் ஏற்றுக்கொள்வது இரண்டாம் படி; பின்னர் அமைதியான மனத்தோடு அவ்விளைவைத் திருத்த முயல்வது மூன்றாம் படி. மிக மோசமான விளைவு கம்பனிக்கு 20,000 டொலர் நட்டம். புதிய முறையொன்றைப் பரிசோதிக்கும் முயற்சியாகையால் அதனை ஆராய்ச்சிச் செலவிலே கம்பனி எழுதிக்கொள்ளலாம். இதனை ஏற்றுக்கொண்டதும் அவருக்கு மனம் தெளிந்தது. மேலும் 5,000 டொலருக்கு உபகரணம் வாங்கினால் குறை நீங்கும் எனக் கண்டார். கம்பனிக்கு நட்டத்துக்குப் பதிலாக 15,000 டொலர் இலாபம் கிடைத்தது.

இக்கதையிலே உண்மை இருக்கிறது. அச்சத்தினாற் கலங்கிய மூளை கணக்குப் போடாது என்பதைப் பரீட்சை மண்டபத்திலே மேற்பார்வை செய்த எவரும் மறுக்கமாட்டார். ஆயினும் காரியரின் அமைதி எங்கிருந்து வந்தது? மனத்தின் பயிற்சியிலிருந்து மட்டுமன்று. அந்த நட்டத்தைத் தாங்க ஒரு கம்பனியும், அதனை எழுதிக்கொள்ள ஒரு கணக்கேடும் இருந்தமையினால் வந்தது. தன்னுடைய உணவும் வீடும் பிள்ளைகளும் அந்த 20,000 டொலரிலே அடங்கியிருக்கவில்லை என்பதை அறிந்த மனிதன், மிக மோசமானதை ஏற்றுக்கொள்வது கடினமன்று.

இரண்டாவது கதை கார்னகியின் தந்தையாருடையது. நூல் முழுவதிலும் மிகச் சிறந்த பகுதி இதுவென்பது நமது கருத்து. அமெரிக்க இலக்கியத்தின் யதார்த்த நாவல்கள் சிலவற்றின் அருகிலே வைக்கத்தக்க பக்கங்கள் இவை. மிசூரியிலே மேரிவில் என்னும் ஊருக்கு அண்மையில் அவர்களது கமம் இருந்தது. 102 என்னும் எண்ணையே பெயராகக் கொண்ட ஆறு ஒன்று ஏழு ஆண்டுகளில் ஆறு ஆண்டுகள் பெருகி அவர்களது சோளத்தையும் வைக்கோலையும் அழித்தது. பன்றிகள் கொள்ளைநோயால் இறந்தன, அவற்றை எரித்தார்கள். ஓராண்டு மட்டும் வெள்ளம் வரவில்லை. விளைச்சல் பெருகிற்று. மாடுகளை வாங்கிச் சோளத்தை ஊட்டிக் கொழுக்க வைத்தார்கள். அவ்வாண்டு சிக்காகோச் சந்தையிலே மாட்டின் விலை வீழ்ந்தது. முழு ஆண்டின் உழைப்புக்கு அவர்கள் கண்ட மிச்சம் 30 டொலர்! நிலம் வங்கியிலே ஈடாக இருந்தது. தந்தைக்கு அப்பொழுது வயது 47. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்தவரிடம் கடனும் அவமானமுமே எஞ்சியிருந்தன. ஒரு நாள், நிலத்தைப் பறிமுதல் செய்வோம் என்று வங்கிக்காரர் அச்சுறுத்தியதைக் கேட்டுத் திரும்பும் வழியிலே, அவர் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தி இறங்கி, ஆற்று நீரை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் குதிக்கவில்லை. தாயாருடைய இறைநம்பிக்கையே அவரைக் காத்தது என்கிறார் கார்னகி. எல்லாம் இறுதியிலே நன்றாகவே முடிந்தது. தந்தை மேலும் 42 ஆண்டுகள் வாழ்ந்து 1941இல் இறந்தார் என்று கூறி மேலே செல்கிறார். அந்த ஈடு என்னவாயிற்று, கடன் எவ்வாறு தீர்ந்தது என்பவற்றின்மேல் அவர் நிற்கவில்லை. அந்தத் தாயின் நம்பிக்கையை எள்ளி நகையாட நாம் ஆயத்தமாக இல்லை. இல்லத்திலே ஓர் உயிரைக் காத்த எதுவும் மதிக்கத்தக்கது. நமது வினா வேறு. காரியரின் மூன்று படிகளைப் பாலத்தின்மேல் நின்ற அந்த மனிதரிடம் கொண்டு செல்லுங்கள். நேரக்கூடிய மிக மோசமான விளைவு யாது? நிலம் போவது. அதனை அவர் ஏற்றுக்கொண்டபின் திருத்துவதற்கு எஞ்சுவது யாது? 5,000 டொலருக்கு உபகரணம் வாங்க அவரிடம் எந்தக் கம்பனி இருந்தது? ஒரே நூலின் இரு பகுதிகளிலே ஒரே மாநிலத்திலே நிகழ்ந்த இரு கதைகள். முன்னதன் மருந்து பின்னதன் நோய்க்குப் பொருந்தவில்லை. ஆசிரியர் அதனைக் கவனிக்கவில்லை. அல்லது, கவனித்து வேறு மருந்தைத் தேடினார்.

தந்தையார் பாலத்தின்மேல் நின்றது 1890களின் இறுதியிலே என்பது வயதுக் கணக்கினால் விளங்கும். அதே பத்தாண்டிலே அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியிலும் தென்பகுதியிலும் கமக்காரர் நடத்திய இயக்கத்தைப் பற்றி அந்த அதிகாரம் பேசாமலிருப்பது வியப்பளிக்கிறது. வங்கியின் ஈடும், புகைவண்டிக் கம்பனியின் கூலியும், தொலைவிலுள்ள சந்தையின் விலையும் தங்களை நசுக்குவதைக் கண்ட கமக்காரர், கமக்காரர் கூட்டணி என்ற பெயரிலே திரண்டனர். 1892இல் ஒமாகா நகரிலே மக்கள் கட்சியின் கொள்கைப் பிரகடனம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. புகைவண்டிப் பாதைகள் அரசுடைமையாக வேண்டும், ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேற்படாத செலவிலே மக்களுக்கு நேரடியாகப் பணம் கிடைக்க வேண்டும் என்று அது கோரிற்று. அந்தக் கட்சி 1896க்குப் பின் சிதைந்தது; அதன் குறைபாடுகளும், நிறவெறியின் முன்னே அது தடுமாறியமையும் வரலாற்றிலே பதிந்துள்ளன. எனினும், பாலத்தின்மேல் தனியே நின்ற மனிதனுடைய கவலை, அருகிலுள்ள கமங்களிலே அனைவரும் கூடிப் பேசிய கவலையாக இருந்தது என்பது உண்மை. கார்னகியின் நூல் அதனை மீண்டும் ஒரு குடும்பத்துக்குள்ளே, ஒரு மனத்துக்குள்ளே அடைத்துவிடுகிறது.

அடைத்தல் என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே கூறவில்லை. அது நூலிலேயே வருகிறது. மருத்துவப் பேராசிரியர் வில்லியம் ஒஸ்லர் 1913இல் யேல் பல்கலைக்கழக மாணவருக்கு ஆற்றிய உரையைக் கார்னகி முதலிலேயே எடுத்தாள்கிறார். பெருங்கப்பலிலே நீர் புகாத அறைகளைக் கதவடைத்துப் பிரிப்பதுபோல, நேற்றையும் நாளையையும் அடைத்துவிட்டு இன்றைய நாளிலே வாழ வேண்டும் என்பது அவ்வுரையின் உவமை. நீர் புகாத அறைகளை உடைய டைட்டானிக் அதற்கு முந்திய ஆண்டிலே மூழ்கியிருந்தது. அதன் முதலாம் வகுப்புப் பயணிகளில் ஐந்தில் மூன்று பங்கினர் தப்பினர். மூன்றாம் வகுப்பிலே தப்பியோர் நாலில் ஒரு பங்கினர் அளவினரே. உவமையை எடுத்தாள்வோர் எந்தத் தட்டிலே பயணம் செய்கின்றனர் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நூலின் மற்றொரு வாதம் இதனினும் சுவையானது. நாம் அஞ்சும் விபத்துகளிலே மிகப் பெரும்பாலானவை நிகழ்வதேயில்லை; இலண்டனிலுள்ள லொயிட்ஸ் காப்புறுதி நிறுவனம் மக்களது அந்த அச்சத்தின்மேலேயே பெருஞ்செல்வம் ஈட்டியிருக்கிறது; ஆகவே சராசரி விதியை நம்பிக் கவலையை விடுங்கள் என்கிறார் கார்னகி. காப்புறுதி என்பது கவலையற்றோர் கண்டுபிடித்ததன்று. கப்பல் மூழ்கும் என்று நன்கு கவலைப்பட்டவர்கள் கண்டுபிடித்தது. ஆயிரம் கப்பலிலே ஒன்று மூழ்கும் என்ற சராசரி, ஆயிரம் கப்பலின் கணக்கை வைத்திருப்பவனுக்கே ஆறுதல். ஒரே கப்பலை உடையவனுக்கு அது மூழ்கினால் முழுவதும் மூழ்கியதே. ஆகவே ஒரே கப்பலையுடைய ஆயிரம்பேர் ஆளுக்குச் சிறிது போட்டு அந்த ஒருவனுடைய இழப்பைத் தாங்கினார்கள். கவலையை மறப்பதனாலன்று, பங்கிடுவதனாலேயே நிம்மதி பெற்றார்கள். பின்னர் அந்தப் பங்கீடு இலாபத் தொழிலாக மாறியது வேறு கதை. இலங்கையிலே பயிர்க் காப்புறுதிக்கு 1961இல் சட்டம் இயற்றப்பட்டபோது அதன் அடிப்படையும் இதுவே. மழை பொய்த்தால் மனத்தை அடக்கிக்கொள் என்று சட்டம் சொல்லவில்லை. ஒரு கமக்காரனின் இழப்பை நாடு சேர்ந்து தாங்க வேண்டும் என்றது. அது நடைமுறையிலே எவ்வளவு குறைபட்டது என்பதைக் கமக்காரர்கள் சொல்வார்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலே தடை நீக்கப்படுவதற்குள் காலபோகம் தொடங்கி, விளைச்சல் வீழ்ந்தபோது, இந்தக் குறைபாடு பெரிதாகத் தெரிந்தது.

இனிக் குறளுக்கு வருவோம். இடுக்கண் அழியாமை அதிகாரத்தை இந்நூல்களுக்கு முத்திரையாகப் பயன்படுத்துவோர் அதனைத் தனியே பிய்த்தெடுக்கின்றனர். பரிமேலழகரின் பகுப்பின்படி அது அரசியல் என்னும் இயலின் கடைசி அதிகாரம். அதற்கு முன்னே நிற்பது ஆள்வினையுடைமை. முயற்சியைப் பேசி முடித்த பின்னரே, முயல்பவனுக்கு வரும் இடரைப் பற்றி நூல் பேசுகிறது. அதிகாரத்தின் முகவுரையிலே பரிமேலழகர் இதனைத் தெளிவாக்குகிறார்: வினையிலே முயல்பவனுக்குத் தெய்வத்தாலோ, பொருளின்மையாலோ, உடல் வருத்தத்தாலோ இடுக்கண் வரும்போது மனம் கலங்காமை என்பது அவர் தரும் விளக்கம். மூன்று காரணங்களிலே பொருளின்மையும் ஒன்று என்று இடைக்கால உரையாசிரியர் கூறியிருக்க, எல்லாம் மனத்திலேதான் இருக்கிறது என்று இருபத்தோராம் நூற்றாண்டுப் பேச்சாளர் கூறுகிறார்! வைதிக மரபிலே ஊறிய பரிமேலழகரை முற்போக்காளர் என்று நாம் கூறப்போவதில்லை. ஆனால் மூலத்தைப் படித்தவர் அவர்.

அரசியல் என்ற தலைப்பின் கீழ் வருவதனால் இவ்வதிகாரம் அரசனை நோக்கியது என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாறாயின் வள்ளுவரின் அரசனும் காரியரின் கம்பனியும் ஓரினத்தவரே. தாங்கக்கூடியவனுக்குத் துணிவு கூறுவது எளிது. ஆனால் அதிகாரத்தின் உள்ளே செல்லும்போது இந்த வாதம் முழுமையாக நிற்பதில்லை. 624ஆம் குறளிலே உவமையாக வருவது யானையன்று, குதிரையன்று. தடைப்பட்ட இடமெல்லாம் மூக்கை ஊன்றி மூச்சைப் பிடித்துப் பாரத்தை இழுத்துக் கடக்கும் எருது. இவ்வுவமையை அரண்மனையிலிருந்து ஒருவன் கண்டிருக்க முடியாது. சேற்றிலே வண்டி புதைந்தபோது சில்லிலே தோள் கொடுத்தவனின் கண்ணுக்கே அது தெரியும். இங்கே கவலையின்மை என்பது அமர்ந்த நிலையன்று, இழுத்துக்கொண்டிருக்கும் நிலை. 622ஆம் குறளிலும் வெள்ளம்போன்ற இடும்பையை அறிவுடையவனின் நினைப்பு வெல்கிறது என்னும்போது, அந்த நினைப்பு இடரை மறப்பதன்று, இடரைப் பற்றி எண்ணுவதாகும்.

626ஆம் குறளிலிருந்து குரல் மாறுகிறது. பெற்றபோது இறுகப் பற்றாதவன் இழந்தபோது அல்லற்படான். உடம்பு துன்பத்துக்கு இலக்கே. இன்பத்தை விழையாதவன் துன்பம் உறான் என்று அதிகாரம் துறவை நோக்கி நகர்கிறது. வயலிலே இழுத்த எருதை அவிழ்த்துவிட்டுத் துறவியின் பள்ளிக்குள்ளே நாம் நுழைந்துவிட்டோம் என்ற உணர்வு நமக்கு ஏற்படுகிறது. சமண, பௌத்த அறநெறிகளின் செல்வாக்கு நிலவிய காலத்திலே இவ்விரு குரல்களும் ஒரே நூலிலே கலப்பது வியப்பன்று. அதே முரண்பாடு நூலின் அகலத்திலும் உண்டு. ஊழைவிட வலியது யாது என்று கேட்டு 38ஆம் அதிகாரம் முடிகிறது. தளராது முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்று 62ஆம் அதிகாரம் முடிகிறது. பொருளை வேண்டிநின்ற சமுதாயமும் பொருளைத் துறக்கச் சொன்ன சமுதாயமும் ஒரே காலத்திலே ஒரே நாட்டிலே வாழ்ந்தமையை இது காட்டுகிறது. மண்டபப் பேச்சாளர் தெரிந்தெடுப்பது பெரும்பாலும் பிற்பகுதியையே. 63ஐ அவர் 62உடன் சேர்த்து வாசிப்பதில்லை. 38உடன் சேர்த்து வாசிக்கிறார்.

இவ்விடத்திலே நமது நண்பர்கள் சிலரோடும் வேறுபட வேண்டியிருக்கிறது. மனத்தைத் தேற்றுவது பற்றிய பேச்சு முழுவதும் ஆளும் வர்க்கத்தின் தந்திரம். மக்கள் எவ்வளவு கவலைப்படுகிறார்களோ அவ்வளவு விரைவிலே விழிப்பார்கள் என்று அவர்கள் வாதிடுகின்றனர். இது வாழ்க்கையை அறியாத வாதம். கவலை தானாகவே எவரையும் விழிக்கச் செய்வதில்லை. பரீட்சை பிழைத்துவிடும் என்ற பயத்திலே புத்தகத்தைத் திறக்கவே முடியாதிருக்கும் மாணவி, எந்த அநீதியையும் எதிர்க்கும் நிலையிலே இல்லை. அவளுக்கு மூச்சு விட இடம் வேண்டும். காரியரின் முதற்படி அவளுக்கும் பயன்படும்: பிழைத்தால் என்ன நேரும் என்று வாய்விட்டுச் சொல்ல வைப்பது அச்சத்தின் உருவத்தைச் சுருக்கும். ஆனால் அந்த வினாவோடு இன்னொரு வினாவும் வர வேண்டும்: நேர்ந்தால் அதனை யார் தாங்குவார்? இரண்டாம் முறை பரீட்சை எழுத அவளுக்கு வீட்டிலே வசதி உண்டா, பாடசாலையிலே இடமுண்டா என்பதற்கு விடை கிடைக்கும்போதே அவளுடைய கவலை உண்மையாகக் குறைகிறது. 1945இலே ஏற்பட்ட இலவசக் கல்வி எத்தனை வீடுகளிலே இவ்வகைக் கவலையை நீக்கிற்று என்பதை எந்த ஊக்குவிப்புரையோடும் ஒப்பிட இயலாது.

வடக்கிலும் கிழக்கிலும், வறட்சி தாக்கிய ஏனைய மாவட்டங்களிலும் நுண்கடனால் நசுக்கப்பட்ட பெண்களின் நிலை நாடறிந்தது. கிழமைதோறும் வாசலுக்கு வரும் வசூலிப்பவரின் முன்னே அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே நின்றார்கள். அந்தப் பாலத்தின்மேல் நின்ற மனிதரைப் போன்றே நின்றார்கள். அவரைப்போல எல்லோரும் திரும்பி வரவில்லை. 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. 2021இலே பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையிலே கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். தனது கடனைப் பற்றி அயலவளிடம் பேசவும் வெட்கப்பட்ட ஒருத்தி, அதே கடனையுடைய பலரோடு பந்தலின் கீழே அமர்ந்திருந்தாள் என்பதையே நாம் இங்கு கருத விரும்புகிறோம். கடன் அப்படியே இருந்தது. ஆயினும் அது அவளுடைய தனிப்பட்ட தவறு என்ற நிலை மாறியது. கடனைக் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரலிலே இலங்கை அரசே உலகுக்கு அறிவித்துக் கடன்காரரோடு பேசத் தொடங்கியபோது, அதற்கு எவரும் மன ஒருமைப்பாடு பற்றிய நூலைப் பரிந்துரைக்கவில்லை. அட்டவணையை மாற்றுவது, வட்டியைக் குறைப்பது, தவணையை நீட்டுவது பற்றியே பேசினார்கள்.

இடுக்கண் அழியாமையை வகுப்பிலே கற்பிப்போர்க்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: அதனை ஆள்வினையுடைமைக்கு அடுத்த பாடமாக வையுங்கள். பரிமேலழகர் கூறும் மூன்று காரணங்களையும் முதலிலே கரும்பலகையில் எழுதி, தமக்குத் தெரிந்த ஓர் இடர் அவற்றுள் எதனைச் சார்ந்தது என்று மாணவரையே சொல்லச் செய்யுங்கள். பெரும்பாலான கைகள் நடுவிலுள்ளதற்கே உயரும். எருதின் குறளுக்கு ஒரு பாடவேளை முழுவதையும் கொடுக்கலாம். கமத்துப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பாயின் ஆசிரியர் அதிகம் பேச வேண்டியிராது. பின்னைய ஐந்து குறள்களைத் துறவறவியலோடு சேர்த்து வேறொரு நாளிலே படிப்பது பொருத்தமாக இருக்கும்.